சேலத்திலிருந்து வெளிநாட்டில் குடியேறுகிறீர்களா? சேமிப்பைக் கொண்டுபோகும் வழி

கனடாவோ ஜெர்மனியோ ஆஸ்திரேலியாவோ, எங்கே போனாலும் இந்தியப் பக்கத்து விதிகள் ஒன்றுதான். அந்தப் பக்கத்து விதிகள்தான் நாட்டுக்கு நாடு மாறும். நம் ஊரிலிருந்து இப்போது நிறையப் பேர் கிளம்புவது கனடாவுக்கு என்பதால் உதாரணங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இந்தியப் பக்கத்து வேலைகள் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பேப்பர் இருந்தால் ஆண்டு வரம்புக்குள் நேர்வழியில் கொண்டுபோகலாம், பேப்பர் இல்லாவிட்டால் உங்கள் சொந்தக் காசாகவே இருந்தாலும் அது ஊரைத் தாண்டாது. அந்தப் பேப்பரைத் தயார் செய்வது நீங்கள் அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ இருக்கும்போது சுலபம், டொரன்டோவில் உட்கார்ந்துகொண்டு செய்வது ரொம்பக் கஷ்டம்.

பெயரில் ஆரம்பியுங்கள்

யாரும் சொல்லாத முதல் வேலை இது. நம் ஊரில் பாஸ்புக்கில் "கே. முருகன்" என்று இருக்கும், பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு இருக்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இங்கே இருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் அங்கே கணக்குத் திறக்கும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள். நீங்கள் இங்கிருந்து "கே. முருகன்" என்று அனுப்பினால், வாங்கும் வங்கி பெயர் பொருந்தவில்லை என்று பணத்தை நிறுத்திவைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம், திரும்பி வரும்போது இடையில் இருக்கிற வங்கிகள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் விடும். அதனால் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரையே அடிப்படையாக வைத்து பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பாருங்கள். இதற்கு மட்டும் ஒரு மாதம் ஆகலாம், எனவே விசாவுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டிய வேலை.

பேங்க் லெட்டர்

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற விண்ணப்ப முறையில், ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் (திறன்மிகு பணியாளர்) பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் கையில் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். தனி ஆளுக்கே 15,000 கனடா டாலருக்கு மேல் வரும், குடும்பத்தில் ஆள் கூடக் கூடத் தொகையும் கூடும், ஒவ்வொரு வருடமும் அதை மாற்றுகிறார்கள். நம் கிளைகளில் இதற்காகப் போய்க் கேட்டால் வழக்கமான பேலன்ஸ் சர்ட்டிபிகேட் ஒன்றை அடித்துக் கொடுப்பார்கள், அது போதாது. கனடா கேட்பது: வங்கியின் லெட்டர்ஹெட், முகவரி, போன், ஈமெயில், உங்கள் பெயர், ஒவ்வொரு கணக்கின் எண், அது திறந்த தேதி, இன்றைய இருப்பு, கடந்த 6 மாதத்துச் சராசரி இருப்பு, அப்புறம் கிரெடிட் கார்டு, லோன் என்று நீங்கள் கொடுக்க வேண்டிய கடன்கள். இவ்வளவையும் நீங்களே ஒரு தாளில் மாதிரியாக டைப் செய்து எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் கொடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கிற நேரத்தில் போனால் பொறுமையாகப் படித்துப் பார்த்துச் செய்து கொடுப்பார்கள்.

சராசரி இருப்பு என்ற அந்த வரியைக் கவனியுங்கள். கடைசி நேரத்தில் மாமாவிடம் 5 லட்சம், நண்பரிடம் 5 லட்சம் கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டுவது இதனால்தான் எடுபடுவதில்லை. கடன் வாங்கிய பணத்தைக் கணக்கில் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதி. வீட்டு மதிப்பையும் காட்ட முடியாது. அப்பா அம்மா உண்மையிலேயே கொடுக்கிற பணம் என்றால், அது திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதி வாங்கிய கடிதமும், அவர்கள் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த பதிவும் இருக்க வேண்டும்.

நகை, சீட்டு, நிலம்

நம் ஊர்க் குடும்பங்களில் சேமிப்பு பாதி வங்கியில் இருப்பதில்லை, அது நகையாகவும் சீட்டாகவும் நிலத்திலும் மனையிலும் இருக்கிறது. இதையெல்லாம் வங்கிக்குள் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை.

நகை விற்றால் பில் போட்டு, பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ரொக்கமாக 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ஒரே விற்பனைக்கு வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே தவறு. அடகில் இருக்கிற நகையை மீட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது, வட்டி ஏறுவதைத் தூரத்தில் இருந்துகொண்டு யார் பார்ப்பது? போட்டுக்கொண்டு போகிற நகைக்கு விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், நாளைக்கு லீவில் திரும்பி வரும்போது அது வெளிநாட்டில் வாங்கியது இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியதில்லை. அதற்குக் கூடுதலாக நேரம் ஒதுக்கி விமான நிலையத்துக்குப் போய்ச் சேருங்கள்.

சீட்டு என்றால், பதிவு செய்த கம்பெனிச் சீட்டுக்கு ரசீது இருக்கும், பிரச்சினை இல்லை. தெருவில், வேலை செய்கிற இடத்தில் ஒருவரை நம்பிக் கட்டுகிற சீட்டுக்கு நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. அதை முடித்துப் பணத்தை வாங்கி வங்கியில் போட்டு, வருமான வரிக் கணக்கிலும் பொருந்துகிற மாதிரி ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

நிலம்தான் பெரிது. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று வாங்கும் வழக்கத்தை இந்த முறை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கையில் வாங்கிய பணத்தை எந்த வங்கியும் வெளிநாட்டுக்கு அனுப்பாது, தவிர சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். விற்பதாக முடிவு செய்திருந்தால் கிளம்பும் முன்பே விற்றுவிடுவது நல்லது. நீங்கள் இங்கே வசிப்பவராக இருக்கும்போது, வாங்குபவர் 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற விலைக்கு 1 சதவீத வரி பிடித்தால் போதும். நீங்கள் வெளிநாட்டுவாழ் இந்தியர் ஆன பிறகு விற்றால் பிடித்தம் எகிறிவிடும், வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கவில்லை என்றால் முழு விலையின் மேலேயே பிடிப்பார்கள், பிறகு ரிட்டர்ன் போட்டு மீட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டமோ, ஓமலூர் பக்கம் விவசாய நிலமோ ஏற்கெனவே இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம், யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் வெளிநாட்டுவாழ் இந்தியர் ஆன பிறகு விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு புதிதாக வாங்க முடியாது, விற்றாலும் இங்கே வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். விற்கவும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் பவர் பத்திரத்தை இங்கேயே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய்ப் போட்டால் தூதரகத்தில் சான்றொப்பம், இங்கே வந்து முத்திரைத்தாள் என்று இரட்டை வேலை.

எப்போது, எந்த வழியில் அனுப்புவது

இங்கே வசிப்பவராக இருக்கும்வரை ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்) திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வேலைக்குக் குடியேறினாலோ நிரந்தரமாகப் போனாலோ, கிளம்பியதிலிருந்தே அன்னியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் இங்கே வசிப்பவர் இல்லை, எல்.ஆர்.எஸ். கதவும் மூடிவிடும். அதற்குப் பிறகு என்.ஆர்.ஓ. (வெளிநாட்டுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான) கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆடிட்டர் சான்றிதழ், வரி கட்டிய கணக்கு என்று வேலை இருக்கும்.

எல்.ஆர்.எஸ்.-ல் கவனிக்க வேண்டியது டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கிற வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டுகிற தொகைக்கு 20 சதவீதம் வங்கி பிடித்துக்கொள்ளும் (படிப்பு, மருத்துவச் செலவுக்கு விகிதம் குறைவு). இது தனி வரி இல்லை, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பியும் வரும், ஆனால் வீடு பிடித்து அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பணம் இங்கே மாட்டிக்கொண்டு இருக்கும். ஏப்ரல், மே மாதம் கிளம்புகிறவர்கள் ஒரு பகுதியை மார்ச் 31-க்கு முன்னும் மீதியை ஏப்ரல் 1-க்குப் பின்னும் அனுப்பினால் இரண்டு வருடத்து வரம்பும் கிடைக்கும். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிச் சேமிப்பு இருந்தால் அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பானில் அனுப்புங்கள்.

கிளைக்குப் போகும் முன் ஒரு போன் போடுங்கள், ஏனென்றால் எல்லாக் கிளையிலும் அன்னியச் செலாவணி வேலை நடக்காது, வேறு கிளைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கித்தான் செய்வார்கள், இரண்டு மூன்று நாள் போய்விடும். ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), பான், பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள். ரேட்டை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய சந்தை விலைக்கும் வங்கி சொல்கிற விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கூகுளில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பெரிய தொகை என்றால் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். "கமிஷன் இல்லை" என்று சொல்கிற இடத்தில் லாபம் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும். முதலில் ஒரு சிறிய தொகையை அனுப்பி, போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். கனடாவுக்கு ஐபன் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கிடையாது, ஸ்விஃப்ட் கோடு (வங்கியின் சர்வதேசக் குறியீடு), 3 இலக்க வங்கி எண், 5 இலக்கக் கிளை எண், கணக்கு எண் என்று நான்கும் வேண்டும். ஜெர்மனிக்கு 22 எழுத்து ஐபன் போதும்.

யாராவது "இங்கே ரூபாயாகக் கொடுங்கள், அங்கே டாலராக வாங்கிக்கொள்ளுங்கள், ரேட்டும் நல்லா தர்றேன்" என்று சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். வங்கிக்கு வெளியே பணம் மாற்றுகிற இந்த உண்டியல் முறையில் மாட்டினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம், அதைவிட மோசம், நாளைக்கு அங்கே வீட்டுக்கடன் கேட்கும்போது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கையில் கொண்டுபோகும் நோட்டு 3,000 அமெரிக்க டாலருக்கு மேல் வேண்டாம், அதுதான் பொதுவான வரம்பு. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றுகிற கார்டு) ஏற்றிக்கொள்ளுங்கள். கனடாவில் இறங்கும்போது 10,000 கனடா டாலர் அல்லது அதற்கு மேல் நோட்டும் டிராஃப்டும் சேர்ந்து கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும், அதற்கு வரி கிடையாது, சொல்லாமல் விட்டால்தான் பறிமுதல்.

இங்கே இருக்கும் கணக்குகளை என்ன செய்வது

சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து ஏ.டி.எம். கார்டில் ஓட்டுவது சட்டப்படி கூடாது. அதை என்.ஆர்.ஓ.-வாக மாற்ற வேண்டும், வாடகை, பென்ஷன், டிவிடெண்ட் என்று இங்கே வருகிற ரூபாயெல்லாம் அதில் விழும். கூடவே ஒரு என்.ஆர்.இ. கணக்கும் திறந்துகொள்ளுங்கள், அங்கே சம்பாதித்து அனுப்புவது அதில் வரட்டும். அந்தப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம், வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள், கனடாவில் வசிப்பவர் என்ற வரிச் சான்று கொடுத்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதமாகக் குறையும்.

பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை கட்டலாம், நீட்டிக்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டுக்கும் டீமேட்டுக்கும் (ஷேர் வைத்திருக்கும் கணக்கு) கே.ஒய்.சி. என்கிற அடையாள, முகவரி விவரங்களை மாற்ற வேண்டும், அமெரிக்கா, கனடா போகிறவர்களைச் சில ஃபண்ட் நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்காகக் கொஞ்சம் யோசியுங்கள். மேண்டேட் (உங்கள் சார்பில் கணக்கை இயக்கும் அனுமதி) எழுதிக் கொடுத்தால் அவர்கள் உங்கள் கணக்கிலிருந்து கரண்ட் பில், வீட்டு வரி, மருத்துவச் செலவு பார்த்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்ப முடியாது. நாமினி யார் என்பதை எல்லாக் கணக்கிலும் சரிபாருங்கள். இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. வராவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

போய் இறங்கிய பிறகு

கனடாவில் கணக்குத் திறக்க வேலை இருக்க வேண்டும், கையில் காசு இருக்க வேண்டும் என்பதில்லை, அடையாளம் இருந்தால் வங்கி திறந்து கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பாஸ்போர்ட், குடியேற்ற உறுதிச் சான்று, சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் கனடா தரும் எண்) எடுத்துப் போங்கள். புதிதாக வருபவர்களுக்கான சலுகைக் கணக்கைக் கேளுங்கள், எத்தனை மாதத்துக்குப் பிறகு கட்டணம் ஆரம்பிக்கும் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் சிபில் ஸ்கோர் அங்கே செல்லாது, அதனால் முதல் வாரத்திலேயே ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, காய்கறிக்கு மட்டும் தேய்த்து மாதாமாதம் முழுசாகக் கட்டி வாருங்கள். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு வரிசை தலைகீழ், விசாவுக்கு முன்பே வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும், மாதம் 992 யூரோதான் எடுக்கலாம்.

கடைசியாக வரி. கனடாவில் வசிப்பவர் ஆனதும் உலகம் முழுக்க வரும் வருமானத்தை அங்கே காட்ட வேண்டும், இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.இ. வட்டியும் அங்கே வருமானம்தான். வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்க விலை 1,00,000 கனடா டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவம் உண்டு, வந்த முதல் வருடத்துக்கு மட்டும் விலக்கு. நீங்கள் இறங்கிய நாளில் உங்கள் மனையும் ஷேரும் என்ன விலையோ அதைத்தான் அடக்க விலையாக எடுத்துக்கொள்வார்கள், பத்து வருடம் கழித்து விற்றாலும் அந்த நாளுக்குப் பிறகு ஏறிய விலைக்குத்தான் அங்கே வரி. எனவே சேலத்திலேயே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து, நீங்கள் இறங்கும் தேதியை ஒட்டிய மதிப்பு அறிக்கை வாங்கி, அன்றைய டீமேட் ஸ்டேட்மெண்டையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் அதோடு சேர்த்து ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒரு நகலை வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.