ரீஃப் டேங்க் லைட்டுக்கு எந்த ப்ளூ, எத்தனை ப்ளூ? முதல் தடவை செய்றவங்களுக்கு

கோரல் (பவளம்) வளக்குற கடல்நீர் தொட்டிதான் ரீஃப் டேங்க். அதுக்கு நாமளே லைட் செய்யலாம்னு எல்இடி லிஸ்ட்டை திறந்தா ப்ளூன்னே நாலு வகை இருக்கும், நாலும் போட்டோல ஒண்ணு போலவே தெரியும். அதனால பேரை விட்டுடுங்க, வெளிச்சத்தோட அலைநீளத்தைச் சொல்ற நானோமீட்டர் நம்பரை மட்டும் பாருங்க. பேரு ஆளுக்கு ஆள் மாத்தி வைப்பாங்க, நம்பர்தான் நமக்கு வேணும்.

முதல்ல நம்பரை பிரிச்சுக்கலாம். 400லருந்து 430 வரைக்கும் வயலட், 440லருந்து 460 வரைக்கும் ராயல் ப்ளூ, 465லருந்து 480 வரைக்கும் சாதா ப்ளூ, 490லருந்து 510 பக்கம் சயான். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பரவால்ல.

இதுல அடிப்படை ராயல் ப்ளூதான், சந்தேகமே வேண்டாம். கோரல் உடம்புக்குள்ள குடியிருக்கிற பாசிதான் அதுக்கு சாப்பாடு செஞ்சு போடுது, அந்த பாசியோட பச்சையம் நல்லா உறிஞ்சுறது இந்த வயலட், நீல பக்கத்து வெளிச்சத்தைத்தான். கடல்லயும் சிவப்பு கொஞ்ச ஆழத்துலயே கரைஞ்சு போயிடும், கீழ போகப்போக நீலம்தான் மிஞ்சும். இன்னொரு லாபம், கோரல் மினுங்குறது. ஜோயாந்தஸ்ங்கிற கோரல் துண்டு ஒண்ணை வெள்ளை லைட்ல பாத்தா காப்பித்தூள் கலர்ல சப்புன்னு இருக்கும், அதையே ராயல் ப்ளூல பாருங்க, ஓரம் முழுக்க பச்சை நெருப்பு வச்ச மாதிரி எரியும்.

அப்போ எல்லாமே ராயல் ப்ளூ போட்டுடலாமேன்னு தோணும். நானும் அப்படித்தான் முதல் லைட்டை செஞ்சேன், கோரல் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஆரஞ்சு மீன் கூட மங்கிப்போய் டேங்க் பூரா ஒரே நீலப்புகை மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு நாள்ல கண்ணு வலி. அதனால கலக்கணும். சின்ன டேங்குக்கு 12 எல்இடின்னு வச்சுக்கிட்டா என் கணக்கு இது: ராயல் ப்ளூ 6, சாதா ப்ளூ 2, வயலட் 2, கூல் வெள்ளை 2. சாதா ப்ளூ எதுக்குன்னா ராயல் ப்ளூவோட ஊதா சாயலை கொஞ்சம் கடல் நீலம் பக்கம் இழுக்கும். வெள்ளை வந்தாத்தான் சிவப்பு, மஞ்சள் எல்லாம் கண்ணுக்கு வரும், அதுவும் பெரும்பாலும் உள்ள நீல சிப் வச்சு மேல பாஸ்பர்ங்கிற ஒளிரும் பொருளை பூசினதுதான், அதனால நீலமும் கொஞ்சம் சேர்ந்தே கிடைக்கும். சயான் ஆசைன்னா ஒண்ணு போடுங்க, போடாட்டியும் ஒண்ணும் குறைஞ்சு போகாது. தனி சிவப்பும் பச்சையும் முதல் லைட்டுக்கு வேணாம்ங்கிறது என் கட்சி.

அடுத்து வயரிங். ஒவ்வொரு கலரையும் தனி சேனலா பிரிங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் (கரன்ட்டை ஒரே அளவுல குடுக்கிற பெட்டி), டிம் பண்ற வசதியோட. வெள்ளையும் நீலமும் ஒரே வரிசையில போட்டுட்டா அப்புறம் கலரை மாத்தவே முடியாது. ஒரு நீல எல்இடி சுமாரா 3லருந்து 3.4 வோல்ட் எடுக்கும், ஆறை சீரிஸ்ல போட்டா கிட்டத்தட்ட 20, அப்போ 24 வோல்ட் சப்ளை போதும். ஹீட் சிங்க் (சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகத் தட்டு) இல்லாம ஒரு நிமிஷம் கூட எரிய விடாதீங்க.

ஒட்டுறப்போ ஒரே கலரை ஒரு மூலையில குவிக்காதீங்க, கலந்து நெருக்கமா வைங்க. இல்லன்னா மணல்ல பம்ப்போட நிழல் விழும் பாருங்க, ஒரு ஓரம் ஊதா, மறு ஓரம் வெள்ளைன்னு ரெண்டு ரெண்டா தெரியும். ஒரு தடவை கண்ணுல பட்டுச்சுன்னா அப்புறம் அது மட்டும்தான் தெரியும்!

இப்போ முக்கியமான இடம், வெளிச்ச அளவு. நம்ம கண்ணு அதிகமா உணர்றது 555 நானோமீட்டர் பக்கத்து பச்சையைத்தான், 450 நமக்கு மங்கலா தெரியும், 420 அதைவிட மங்கல். மங்கலா இருக்கேன்னு நான் வயலட்டை முழுசா ஏத்தி விட்டேன், ஒரு வாரத்துல மேல் பாறையில இருந்த கோரல் வெளிறி எலும்பு மாதிரி ஆயிடுச்சு. லக்ஸ் மீட்டரும் நம்ம கண்ணு கணக்குலதான் அளக்குது, அதனால நீலத்தை குறைச்சுத்தான் காட்டும். பார் மீட்டர் (பாசி பயன்படுத்துற வெளிச்சத்தை அளக்கிற கருவி) கிடைச்சா இரவல் வாங்கியாவது அளந்துடுங்க, அதுலயும் பழைய மாடல் சிலது நீலத்தை கொஞ்சம் குறைச்சு காட்டும், நினைவுல வைங்க. பார் அளவு சாஃப்ட் கோரலுக்கு (கல் எலும்பு இல்லாத மெத்து கோரல்) 50லருந்து 150, எஸ்பிஎஸ்ஸுக்கு (சின்ன பாலிப் உள்ள கல் கோரல்) 200லருந்து 350ன்னு பொதுவா வச்சுக்கலாம். மீட்டர் இல்லன்னா 30 சதவீதத்துல ஆரம்பிச்சு, வாரத்துக்கு அஞ்சு சதவீதம் மட்டும் ஏத்துங்க, கோரல் கலர் வெளிறுதான்னு பாத்துக்கிட்டே. எரியிற எல்இடியை நேரா மட்டும் பாக்காதீங்க, மங்கலா தெரியிற வயலட்டையும் சேத்துத்தான் சொல்றேன்.

போன்ல போட்டோ எடுத்தா எல்லாம் நீலக்கறையா வருதா? லென்ஸ் முன்னாடி ஒரு ஆரஞ்சு ஃபில்டரை புடிங்க, கண்ணுல பாத்த கலர் ஓரளவுக்கு வந்துடும்.