அரேயில் இருக்கிறது, திரையில் இல்லை: ஸ்விஃப்ட்யூஐ பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, குமுளிப் பக்கத்திலிருந்து ஆப்பிளின் திரை வடிவமைப்புக் கருவியான ஸ்விஃப்ட்யூஐயில் ஐபோன் செயலி எழுதப் பழகுவோர் என்னிடம் காட்டும் முதல் செயலி பெரும்பாலும் ஏலக்காய் விலைப் பட்டியலாகவே இருக்கிறது. போடிநாயக்கனூரிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடப்பதால், லாட் (ஏலத்துக்கு வரும் சரக்குத் தொகுதி) எண், விவசாயி பெயர், எடை, விலை என்று பயிற்சிக்கு ஏற்ற விவரங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கின்றன. அவற்றை ஓர் அரேயில் (மதிப்புகளின் வரிசைத் தொகுப்பில்) இட்டுத் திரையில் காட்டும்போது, பழகிய காலத்தில் நான் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்த்துச் சலித்தே இதை எழுதுகிறேன். விடுபட்ட அடைப்புக்குறி, மாறிப்போன எழுத்து ஆகியவற்றை செயலி எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடே சிவப்பில் சுட்டிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியல் வெறுமையாக இருந்தால், முதலில் அரேயை எண்ணிப் பாருங்கள்

திரை வெறுமையாக இருந்தால் வரிசைகளைக் காட்டும் லிஸ்டின் மீதே பலரும் சந்தேகப்படுகிறார்கள். அரேயின் எண்ணிக்கையை ஒரு வரி பிரின்ட் செய்து பார்த்தால், பல நேரங்களில் அது பூஜ்யமாக இருப்பது தெரியும். சர்வர் அனுப்பும் தரவு வடிவமான ஜேசானைப் பிரிக்கும் இடத்தில் கேள்விக்குறியுடன் ட்ரை எழுதி, தோற்றால் வெற்று அரே என்று வைத்திருப்பார்கள். நூறு லாட்டுகளில் ஒன்றே ஒன்றில் விலை எண்ணாக வராமல் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வந்தாலும் அரே முழுவதும் தோற்றுவிடும். காரணமோ அந்தக் கேள்விக்குறியால் விழுங்கப்பட்டிருக்கும். பிழையைப் பிடிக்கும் டூ, கேட்ச் எழுதிப் பிழையை அச்சிட்டால், எந்தப் புலத்தில் எந்த வகை பொருந்தவில்லை என்பதை ஸ்விஃப்ட் மொழியே சொல்லும்.

லிஸ்டை ஸ்க்ரோல்வியூவுக்குள் வைக்க வேண்டாம்

உயரம் கிடைக்காமல் சுருங்கிவிடும். லிஸ்ட் தானே நகரக்கூடியது.

ஐடி என்பது ஒப்புக்கு நிரப்பும் கட்டம் அன்று

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். லிஸ்டும், அரேயில் உள்ள ஒவ்வொன்றையும் சுற்றிக் காட்டும் ஃபார்ஈச்சும் ஒவ்வொரு வரிசையையும் அதன் ஐடியை (தனி அடையாளத்தை) கொண்டே அடையாளம் காண்கின்றன. பழகுபவர்களோ, கம்பைலர் ஐடி கேட்கிறதே என்பதற்காக எதையாவது கொடுத்து அதன் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.

குமுளியிலிருந்து பழக வந்த தம்பி ஒருவர் விவசாயியின் பெயரையே ஐடியாக வைத்திருந்தார். ஒரே விவசாயி இரண்டு லாட் கொண்டுவந்த நாளில், இரண்டாவது வரிசையிலும் முதல் லாட்டின் எடையும் விலையுமே தெரிந்தன. "அண்ணே, சர்வர் தப்பாக அனுப்புகிறது" என்றவர், தரவைப் பெறும் பகுதி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்; பட்டியல் அப்படியே நின்றது. ஒரே ஐடி பலமுறை வருகிறது, விளைவு எப்படியும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை கன்சோலில் ஓடிக்கொண்டே இருந்ததை அவர் படிக்கவில்லை. செயலி நின்றுபோயிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். அது நிற்காமல், தவறான விலையைச் சரியான விலைபோலவே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான் இந்தத் தவறு மற்றவற்றைவிட ஆபத்தானது. வெறும் விலைகளின் அரேயைக் கொடுத்து, ஐடிக்கு செல்ஃப் (அந்த மதிப்பே ஐடி) என்று எழுதுவதும் இதே குழியில்தான் கொண்டுபோய் விடும்; இரண்டு லாட் ஒரே விலைக்குப் போகாத ஏலம் எங்கே இருக்கிறது?

இதற்கு மாற்றாக அவர் செய்தது இன்னும் மோசம். ஐடியைக் கேட்கும்போதெல்லாம் புதிய யூயூஐடி (வேறெதற்கும் வராத அடையாளம்) ஒன்றை உருவாக்கித் தரும் கணிப்புப் பண்பாக அதை எழுதினார். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் எல்லா வரிசைகளும் புதியவை என்று ஸ்விஃப்ட்யூஐ முடிவு செய்ததால், விரித்து வைத்த வரிசை மூடிக்கொண்டது. திருத்தும் பெட்டியில் ஓர் எழுத்து அடித்ததும் விசைப்பலகை மறைந்தது. யூயூஐடியை லெட் என்று, மாறாத மதிப்பாக ஒருமுறை மட்டும் உருவாக்கி வைத்தால் செயலிக்குள்ளேயே பிறக்கும் தரவுக்கு அது போதும். சர்வரிலிருந்து திரும்பத் திரும்ப வரும் தரவுக்குப் போதாது. ஒவ்வொரு பதிவிறக்கத்திலும் அதே லாட்டுக்கு வேறு ஐடி கிடைத்துவிடும்.

தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் வேலை செய்தாலும் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) எண்ணைப் பார்த்துத்தான் கூலி போடுவார்கள். ஐடியும் அப்படித் தரவோடு சேர்ந்தே வந்து மாறாமல் இருக்க வேண்டும். இங்கே அதற்கு உரியது லாட் எண். ஏலத்துக்கு ஏலம் லாட் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமானால், ஏல மையத்தையும் தேதியையும் அதனோடு சேர்த்து ஒரே எழுத்துத் தொடராக்கி, லாட்டின் விவரங்களை வைத்திருக்கும் ஸ்ட்ரக்டை ஐடென்டிஃபையபிள் (ஐடி உடையது) ஆக்கிவிடுங்கள்.

எண்ணிக்கையை வைத்துச் சுற்ற வேண்டாம்

பூஜ்யம் முதல் எண்ணிக்கை வரை என்ற வீச்சை ஃபார்ஈச்சுக்குக் கொடுப்பது மாறாத தரவுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு லாட்டை நீக்கியதும் இல்லாத இடத்தைத் தேடிச் செயலி விழக்கூடும். வரிசையைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே பலர் இதைச் செய்கிறார்கள். 2021இல் வந்த எக்ஸ்கோட் 13 முதல், டாலர் குறியுடன் அரேயையே ஃபார்ஈச்சுக்குக் கொடுத்துத் திருத்தலாம்.

விலை மாறியும் திரை மாறாவிட்டால்

லாட் கிளாஸா (சுட்டப்படும் பொருள்), ஸ்ட்ரக்டா (நகலெடுக்கப்படும் மதிப்பு) என்று பாருங்கள். மாற்றத்தைத் திரைக்குத் தெரிவிக்க பப்ளிஷ்டு என்று குறித்த அரேயில் கிளாஸ் பொருள்கள் இருந்தால், அவற்றுள் ஒன்றின் விலையை மாற்றும்போது அரே மாறியதாகக் கணக்கில் வராது. ஸ்ட்ரக்ட் ஆக்குவதே எளிய வழி; ஐஓஎஸ் 17உம் அதற்குப் பிந்தையவையும் போதும் என்றால், கிளாஸாகவே வைத்து 2023இல் வந்த அப்சர்வபிளைப் பயன்படுத்தலாம். ஸ்ட்ரக்ட் ஆக்கியபின், லாட்டை வேறொரு வேரியபிளில் எடுத்து மாற்றினால் நகல்தான் மாறும். அரேயில் அதன் இடத்திலேயே மாற்ற வேண்டும்.

வியூவே உருவாக்கும் பொருளுக்கு அப்சர்வ்டுஆப்ஜெக்ட் வேண்டாம்

அதற்குப் பதில் ஸ்டேட்ஆப்ஜெக்ட்; வியூ (திரையின் பகுதி) மறுபடி உருவானாலும் பொருள் தொலையாது. 2020 முதல் இருக்கிறது.

விலைவாரியாக அடுக்கிய பட்டியலில் நீக்குவது

வரிசையை நீக்கும்போது ஆன்டிலீட் தரும் இட எண்கள் திரையில் தெரியும் வரிசைக்கு உரியவை. காட்டும்போது அரேயை விலைவாரியாக அடுக்கிவிட்டு, நீக்கும்போது அந்த எண்களை மூல அரேயில் அப்படியே பயன்படுத்தினால், விரல் வைத்த லாட் இருக்க வேறொரு லாட் போய்விடும். அடுக்கிய பட்டியலிலிருந்து அந்த இடங்களில் உள்ள ஐடிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அந்த ஐடி உள்ள லாட்டுகளை மூல அரேயிலிருந்து நீக்குங்கள்.