அடிபட்ட பச்சோந்தி சாப்பிடவில்லையா? முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் சாப்பாடு

எங்கள் வீட்டுப் பச்சோந்தியின் பெயர் சுப்பு. ஏமன், சவூதிப் பக்கத்து இனம், தலையில் உயரமாகக் கொண்டை இருக்குமே, அதுதான். போன குளிர்காலத்தில் வெயில் காய்வதற்கான விளக்கைக் கூண்டின் மேல்வலைக்கு மிக அருகில் வைத்துவிட்டேன். அவன் வலையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியதில் முதுகு விளிம்பு சுட்டுக் கறுத்துவிட்டது. மறுநாளிலிருந்து சாப்பாடும் நின்றது. அந்த நாட்களில் கற்றுக்கொண்டதை, முதல்முறை வளர்ப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் காட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. ரோட்டோரம் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் காற்றுப்போகும் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கீழே வருவதெல்லாம் வளர்க்க அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு.

படி 1: மருத்துவருக்கு போன்

நாய், பூனை பார்ப்பவர் போதாது, ஊர்வன பார்த்துப் பழகியவர் வேண்டும். பகலில் கண்ணை மூடிக்கொண்டே இருப்பது, கிளையைப் பிடிக்க முடியாமல் விழுவது, கால் எலும்பு வளைந்திருப்பது, வாய் வீங்கியிருப்பது, ரத்தம் நிற்காதது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். நாக்கு வெளியே தொங்கி உள்ளே போகவில்லையென்றால் இழுக்கவே வேண்டாம், ஈரமாக வைத்தபடி கொண்டுபோங்கள். பெண்ணாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு: இந்த இனத்தில் ஆணோடு சேராமலேயே முட்டை உருவாகும், அது வெளியே வராமல் சிக்கிக்கொண்டாலும் சாப்பிடாது, அது உயிருக்கே ஆபத்து.

படி 2: கூண்டைச் சரிசெய்வது

உடம்பு சூடாகாமல் பச்சோந்திக்குச் செரிக்காது. வெயில் காயும் கிளையில் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விளக்குக்கும் அதன் முதுகுக்கும் நடுவே குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், தொங்கும் வலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. கிளைகளைத் தாழ்வாகக் கட்டிவிட்டால் விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. யுவிபி விளக்கு (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தருவது) பழையதென்றால் மாற்றிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்கு ஈடாகாது. மூன்று பக்கமும் துணி போட்டு மறைத்துவிடுங்கள்.

படி 3: தண்ணீர்

இங்கேதான் பொறுமை வேண்டும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் உருளும் சொட்டைத்தான் குடிக்கும். நான் ஒரு பிளாஸ்டிக் கப்பின் அடியில் ஊசியால் துளை போட்டு, சொட்டு நேராக ஒரு இலைமேல் விழும்படி கூண்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துவிடுவேன், ஏனென்றால் முகத்துக்கு நேரே உற்றுப் பார்த்தால் சுப்பு குடிக்க மாட்டான். அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு கண் மெல்ல இலைப்பக்கம் திரும்பும், மூக்கு நுனியை ஈரத்தில் வைப்பான், தாடை மெதுவாக அசையும். கண் குழிந்திருந்தாலோ, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வந்தாலோ தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழல் திறப்பு வாய்க்குள்ளேயேதான் இருக்கிறது, தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

படி 4: காயம்

சலைன் நீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள், அவ்வளவுதான். மஞ்சள், தேங்காய் எண்ணெய், நமக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரை எதுவும் கூடாது. களிம்பு மருத்துவர் கொடுத்தால் மட்டும்.

படி 5: சாப்பாடு

வளர்ந்த, உடம்பு தேறிய பச்சோந்தி சில நாள் சாப்பிடாவிட்டாலும் தாங்கும். குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். காலையில் அது வெயில் காய்ந்து ஒரு மணி நேரம் ஆனபின், அசைகிற ஒரே ஒரு பட்டுப்புழுவைக் கண்ணெதிரே கிளையில் விடுங்கள். மென்மையானது, நீர்ச்சத்தும் உண்டு. சாப்பிடாத சுவர்க்கோழிப் பூச்சிகளை ராத்திரி கூண்டில் விட்டுவைக்காதீர்கள், அவை புண்ணையே கடிக்கும். வாயைப் பிளந்து ஊட்டுவதை நீங்களாகச் செய்யாதீர்கள், தாடை உடையும், நாக்கும் கெடும். ஊட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

சுப்பு ஒன்பதாம் நாள் இரண்டு கண்ணையும் புழுமேல் குவித்தான். நாக்கு பாதி தூரம்தான் போனது, தவறவிட்டான். புழுவை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தேன், இரண்டாம் முறை பிடித்துவிட்டான். அன்றைக்கு அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன், மறுநாள் இரண்டு.