முதல் ட்ரையத்லான் பருவம்: 12 வாரத்தில் ஸ்பிரிண்ட் ரேஸுக்குத் தயாராவது எப்படி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பழகிவிட்டால் ட்ரையத்லான் வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் ஆரம்பிக்கிறார்கள். தண்ணீரில் இறங்கியதும் ஓடத் தொடங்கும் கடிகாரம் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை நிற்பதில்லை. ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். 5 கி.மீ. ஓட்டத்தை எளிதாக முடிப்பவரே சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடச் சொன்னால் திணறுகிறார். அதனால் இந்தத் திட்டம் மூன்று பயிற்சிகளுக்கும் நடுவே இருக்கும் இணைப்புகளுக்குத்தான் அதிக அக்கறை காட்டுகிறது.

படி 1: தூரத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்பிரிண்ட் தூரம் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் அறிமுகமானபோது வைத்த தூரம் இதன் இரட்டிப்பு: 1.5, 40, 10 கி.மீ. முதல் பருவத்துக்கு ஸ்பிரிண்டே போதும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று ரேஸ்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது நீச்சல் குளத்திலோ அலையில்லாத ஏரியிலோ நடப்பதாக இருக்கட்டும்.

தொடங்கும் முன் நிற்காமல் 100 மீட்டர் நீந்த, 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க, 20 நிமிடம் மெதுவாக ஓட முடிய வேண்டும். இதில் எது வரவில்லையோ அதற்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்கிவிட்டு வாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இதயக் கோளாறு இருந்தவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும்.

படி 2: பொருட்கள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும், கியர் தடையில்லாமல் மாற வேண்டும், சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வையுங்கள். பெடல் கீழே போகும்போது கால் முழுதாக நீண்டால் உயரம் சரி. மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயரம் அதிகமானால் இடுப்பு இருபக்கமும் ஆடும்.

மற்றபடி ஹெல்மெட், கசியாத காகிள்ஸ், ஓடும் ஷூ, அதற்கு எலாஸ்டிக் லேஸ், ரேஸ் எண்ணை இடுப்பில் மாட்ட நம்பர் பெல்ட். மூன்றுக்கும் ஒரே உடை போதும்.

படி 3: நீச்சல்

இங்கே உடல் வலுவைவிட முறைதான் முக்கியம். நன்றாக ஓடுபவர்கள்கூட 50 மீட்டரில் மூச்சு வாங்கி நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருக்கிறார்கள். தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில் வெளிவிடவும் உள்ளிழுக்கவும் நேரம் போதாது. முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் மூக்கு, வாய் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். திருப்பும்போது உள்ளிழுக்க மட்டும் செய்யுங்கள்.

அடுத்த தவறு முன்னால் பார்ப்பது. தலை தூக்கினால் இடுப்பும் காலும் தாழும், அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நீந்த வேண்டியிருக்கும். பார்வை குளத்தின் அடித்தளத்தில் இருக்கட்டும். காலை ஓங்கி உதைக்காதீர்கள். அந்தக் கால்களுக்கு இன்னும் 25 கி.மீ. வேலை பாக்கி இருக்கிறது.

முதல் வாரப் பயிற்சி: 200 மீட்டர் மெதுவாக, தேவைப்படும் இடத்தில் நின்று நின்று, முறையை மட்டும் கவனித்து 4 முறை 25 மீட்டர், 20 விநாடி ஓய்வோடு 8 முறை 50 மீட்டர், கடைசியாக 100 மீட்டர் மெதுவாக. மொத்தம் 800. இந்த 50-களைப் படிப்படியாக 100 ஆக்கி, எட்டாவது வாரத்தில் 30 விநாடி ஓய்வோடு 3 முறை 250-க்கு வாருங்கள். பத்தாவது வாரத்தில் 750 மீட்டரை நிற்காமல் நீந்திப் பாருங்கள்.

ஏரியிலும் கடலிலும் தரையில் கோடு இருக்காது. ஆறு முதல் எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி தலையை உயர்த்தி மிதவையைப் பார்த்து, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுங்கள். ரேஸில் முதல் இரண்டு நிமிடம்தான் பலருக்குப் பதற்றம் வருகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மூச்சு தானாகவே வேகமெடுக்கும். சுற்றிலும் கைகால்கள் இடிக்கும். கூட்டத்தின் ஓரத்திலோ பின்னாலோ தொடங்குங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து, பத்து மூச்சு நிதானமாக விட்டுவிட்டுத் தொடருங்கள். திறந்த நீரில் தனியாக ஒருபோதும் பயிற்சி செய்யாதீர்கள்.

படி 4: சைக்கிள்

புதியவர்கள் கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறார்கள். வேகம் கிடைப்பதுபோல் தோன்றும், ஆனால் தொடைகள் சீக்கிரம் களைத்து ஓட்டத்தில் கைவிட்டுவிடும். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரும்படி கியரைக் குறையுங்கள். வாரம் ஒருநாள் 60 நிமிடத்தில் தொடங்கி 90 நிமிடம் வரை நீண்ட சவாரி. இன்னொரு நாள் 3 முறை 8 நிமிடம் கடினமாக, இடையில் 4 நிமிடம் லேசாக. வளைவுக்கு முன்பே பிரேக் பிடிப்பது, ஒரு கையால் பாட்டில் எடுத்துக் குடிப்பது, கோணாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பது இவற்றைப் போக்குவரத்து இல்லாத இடத்தில் பழகுங்கள்.

பஞ்சர் ஆனால் டியூப் மாற்ற வீட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். மாற்றிய டியூப் ஐந்தே நிமிடத்தில் மறுபடி இறங்கினால், முள் டயருக்குள்ளேயே இருக்கிறது அல்லது ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் மாட்டியிருக்கிறது. புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். டியூபில் லேசாகக் காற்றடித்த பிறகு அதை டயருக்குள் நுழைத்துவிடுங்கள்.

படி 5: ஓட்டம்

முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே பெரும்பாலான நாட்களுக்குப் போதும். நீச்சலும் சைக்கிளும் மூச்சுத் திறனை வேகமாக வளர்த்துவிடும். ஆனால் குதிகால் தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. காயங்கள் வருவது இந்த இடைவெளியில்தான். முடியும் என்று தோன்றினாலும் நீளமான ஓட்டத்தை வாரத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் கூட்டாதீர்கள்.

படி 6: பிரிக் பயிற்சி

நான்காவது வாரத்திலிருந்து, வாரம் ஒருமுறை சைக்கிளை நிறுத்தியவுடன் 10 நிமிடம் ஓடுங்கள். பிறகு 20 வரை கூட்டுங்கள். முதல் சில நிமிடம் கால் மரத்ததுபோல் இருக்கும். உட்கார்ந்து சுழற்றிக்கொண்டிருந்த கால் திடீரென்று நிமிர்ந்து உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதுதான் காரணம். சவாரியின் கடைசி ஐந்து நிமிடம் கியரைக் குறைத்து வேகமாகச் சுழற்றுங்கள். ஓட்டத்தைச் சின்ன அடிகளில் தொடங்குங்கள். மிதித்த தாளம் காலிலேயே இருப்பதால் தெரியாமலே வேகமாக ஓடிவிடுவீர்கள். வாட்சைப் பார்த்து அடக்குங்கள். பிரிக் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு ரேஸுக்குப் போகாதீர்கள்.

படி 7: ட்ரான்சிஷன்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவது டி1, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது டி2. ஒரு விதியை மனதில் பதியுங்கள்: ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். மீறினால் அபராதம் உண்டு. ஏறும் கோட்டைத் தாண்டும் முன் சைக்கிளில் ஏறக்கூடாது. இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

ஹெல்மெட்டைக் கவிழ்த்து, பட்டைகளை வெளியே விரித்து, கண்ணாடியை உள்ளே வையுங்கள். ஈரக் கையால் செய்யும் வேலை என்பதால் வீட்டு வாசலில் உடம்பை நனைத்துக்கொண்டே ஒத்திகை பாருங்கள். ரேஸ் காலையில் நீச்சல் வாசலிலிருந்து உங்கள் சைக்கிள் வரை நடந்து எத்தனையாவது வரிசை என்று எண்ணி வையுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவில் தேடுவதில்தான் நிமிடங்கள் போகும்.

வார அட்டவணை

திங்கள் ஓய்வு. செவ்வாய் நீச்சல். புதன் கடினமான சைக்கிள். வியாழன் லேசான ஓட்டம். வெள்ளி நீச்சல். சனி நீண்ட சைக்கிள், கூடவே பிரிக். ஞாயிறு நீண்ட ஓட்டம். நீச்சல் பலவீனமென்றால் வியாழன் ஓட்டத்துக்குப் பதில் மூன்றாவது நீச்சல். மொத்தம் ஐந்து மணி நேரத்தில் தொடங்கி ஏழு வரை போகும். நான்காவது, எட்டாவது வாரங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கடைசி வாரம் பாதியாக்கிவிட்டு, வேகமான சிறு பகுதிகளை மட்டும் விடாதீர்கள்.

ரேஸ் நாள்

இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு பழக்கமான, எளிதில் செரிக்கும் மாவுச்சத்து உணவு. சைக்கிளில் ஒரு பாட்டில், அவ்வப்போது ஒரு மிடறு. ஒரு மணி நேரத்தைத் தாண்டுமென்றால் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து கலந்த பானம் உதவும். பயிற்சியில் சாப்பிடாத எதையும் அன்று தொடாதீர்கள். முன்னால் போகும் சைக்கிளின் காற்று மறைவில் ஒட்டி ஓட்டுவது டிராஃப்டிங். அமெச்சூர் ரேஸ்கள் பலவற்றில் அதற்குத் தடை உண்டு. எவ்வளவு இடைவெளி என்பதை விதிமுறையில் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

முடிந்ததும் மூன்று நான்கு நாள் லேசாக இருந்துவிட்டு நீச்சல், டி1, சைக்கிள், டி2, ஓட்டம் ஆகிய ஐந்து நேரங்களையும் எழுதுங்கள். வழக்கமான 5 கி.மீ. நேரத்தைவிட ஓட்டம் வெகுவாகப் பின்தங்கியிருந்தால், அடுத்த ரேஸுக்கு முன் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். சைக்கிளை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிரிக் பயிற்சியில் அதே வழியை ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி ஓடும் நேரத்தை ஒப்பிடுங்கள்.