கோவைப் பந்தயத் தடத்தின் வரலாற்றை மதுரையிலிருந்து எழுதுவது எப்படி?

தேசிய மோட்டார் பந்தயத்தின் வரலாற்றைக் கல்லூரி மலருக்கோ சங்க மலருக்கோ எழுத முற்படுவோர் வென்றவர்களின் பட்டியலில் தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. பந்தயம் நடக்கும் ஊரிலிருந்து தொடங்குவதே முறை. தேசியச் சாம்பியன்ஷிப் சுற்றுகள் பல நடந்துள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் தடம், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் ஏன் அமைந்தது என்பது முதற்கேள்வியாக இருக்கட்டும்.

இதற்கான விடை பட்டறைகளில் இருக்கிறது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின, அவற்றின் தேவைக்காக லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் வளர்ந்தன, 1937இல் ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்ததும் கோவையில்தான். இரும்பை வார்த்துக் கடைந்து பொருத்தத் தெரிந்த கைகள் ஊரெங்கும் இருந்ததால்தான், பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். காரிவர்தன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேயே உருவாக்க முடிந்தது என்பது என் கருத்து. அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். 2003இல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அடுத்து, தடத்தின் வரலாற்றையும் பந்தயத்தின் வரலாற்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்துள்ள, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்திலும், பின்னர் அதே சென்னைப் பகுதியில் 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் நடந்த பந்தயங்களை விட்டுவிட்டால் கதையின் முற்பாதியே இராது. கோவைத் தடம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர், இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், ஆகவே தடத்தின் பெயரும் வாகனப் பிரிவும் இல்லாமல், தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆன நேரத்தை மட்டும் குறிப்பது எதற்கும் உதவாது. நாளிதழ்ச் செய்தியைக் குறிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திங்கட்கிழமை இதழில்தான் வரும் என்பதை நினைவிற்கொண்டு இரண்டு தேதிகளையும் எழுதிவையுங்கள். விளம்பரதாரர் மாறினால் போட்டியின் பெயரும் மாறும் என்பதால், ஒரே தொடரை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு.

மதுரைக்காரருக்கு உள்ளூரிலேயே ஒரு நூல்முனை கிடைக்கும். 1911இல் இங்கே தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் பந்தய அணி 1982 முதல் களத்தில் இருக்கிறது. நகரின் பழைய மெக்கானிக்குகளிடம் அக்காலச் செய்திகளைக் கேட்டுப் பதிவுசெய்யலாம், ஆனால் ஆண்டுகளை மட்டும் அச்சில் உள்ளதோடு ஒத்துப்பார்த்த பின்பே ஏற்க வேண்டும். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடலை முடித்துக்கொண்டு, ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறுங்கள். பந்தயம் நடக்கும் வேளையில் அணியினர் எவருக்கும் பேச நேரமிராது என்பதால், பயிற்சி ஓட்ட நாளுக்கே போய்ச்சேர்ந்து, அணியினர் வாகனங்களைச் சீர்செய்யும் பிட் பகுதிக்குள் செல்லும் அனுமதியை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.