ஒரு பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தின் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி

முதல் வேலை, பதக்கத்தைத் துடைக்காமல் இருப்பது. வெள்ளிச் சாமான் கறுத்திருந்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பது நமக்குக் கை வழக்கம், ஆனால் இங்கே அது வேண்டாம். நமக்கு வேண்டிய தகவல் ராஜா தலை இருக்கும் முகப்பில் இல்லை, சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான விளிம்பில் இருக்கிறது. எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் குத்தியிருக்கும். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அதுதான். ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சமும் போதும்.

சரி, கையில் இருப்பது வீரப் பதக்கம்தானா? பெரும்பாலும் இல்லை, இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். முதல் உலகப் போரில் போருக்குப் போனதற்காகவே கொடுத்த பதக்கங்கள் உண்டு. அதில் பிரிட்டிஷ் வார் மெடல் மட்டுமே சுமார் 65 லட்சம் பேருக்குப் போயிருக்கிறது. அது கையில் இருந்தால் அந்த ஆள் போருக்குப் போனார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். வீரப் பதக்கத்தைக் காட்டிக்கொடுப்பது பின்பக்க வாசகம். 'களத்தில் காட்டிய துணிச்சலுக்காக' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தால் அது மிலிட்டரி மெடல், சுருக்கமாக எம்.எம். 'களத்தில் சிறப்பான நடத்தைக்காக' என்றிருந்தால் டிஸ்டிங்விஷ்ட் காண்டக்ட் மெடல், அதாவது டி.சி.எம்., அது ஒரு படி மேல். 'நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும்' என்றிருந்தால் அது வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை பார்த்ததற்கானது. மூன்றிலும் அதே ராஜா, ஏறக்குறைய அதே அளவு, அதனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

யாருக்கு எது என்பதில் பச்சையான வர்க்க பேதம் இருந்தது, அதைத் தெரிந்துகொண்டால் தேடல் பாதியாகக் குறையும். டி.சி.எம். 1854இல் சாதாரணச் சிப்பாய்களுக்காக வந்தது. மிலிட்டரி கிராஸ் 1914 டிசம்பரில் கேப்டன் வரையிலான அதிகாரிகளுக்கும் வாரண்ட் ஆபீசர்களுக்கும். எம்.எம். 1916இல், மறுபடி சிப்பாய்களுக்கு. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டு மழையில் ஒரே காரியத்தைச் செய்த இருவரில் லெப்டினன்ட்டுக்குச் சிலுவை, சிப்பாய்க்கு வட்டப் பதக்கம். 1993இல்தான் இதை ஒழித்தார்கள், எம்.எம்.மும் டி.சி.எம்.மும் அத்தோடு நின்றன. 1856இல் தொடங்கிய விக்டோரியா கிராஸ் மட்டும் முதலிலிருந்தே பதவி பார்க்காதது. அதிலும் 'எதிரியின் முன்னிலையில்' என்ற நிபந்தனை உண்டு. எதிரி நேரே இல்லாத இடத்தில் காட்டிய துணிச்சலுக்கு 1940இல் ஜார்ஜ் கிராஸ் வந்தது. மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன் 1944இல் இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரைவிட்டார், அவருக்குக் கிடைத்தது இதுதான்.

இன்னொன்று: இரண்டு உலகப் போர்களிலும் செத்தவருக்கு எம்.எம்.மோ மிலிட்டரி கிராஸோ புதிதாக வழங்க விதி இடம் தரவில்லை. விக்டோரியா கிராஸையும் ஜார்ஜ் கிராஸையும் விட்டால், தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடுவது மட்டுமே இறந்தவருக்குச் சாத்தியம். அதனால் யாராவது பெரிய காரியம் செய்து அங்கேயே இறந்து, வெறும் 'அறிக்கையில் குறிப்பு' மட்டும் வாங்கியிருந்தால், சின்னச் செயல் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி விளிம்பு. அங்கே உள்ள எண் பெயரைவிட முக்கியம். ஜே. ஸ்மித்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், எண்ணும் ரெஜிமென்ட்டும் சேர்ந்தால் ஆள் ஒருவர்தான். உதாரணத்துக்கு வில்லியம் கோல்ட்மன் என்பவரை எடுத்துக்கொள்வோம், இவர் கதை எனக்குப் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். தோட்ட வேலை பார்த்தவர், மத நம்பிக்கை காரணமாகத் துப்பாக்கி தூக்க மனமில்லாமல் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனவர், கடைசியில் விக்டோரியா கிராஸ், இரண்டு டி.சி.எம்., இரண்டு எம்.எம். என்று முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களிலேயே அதிக வீரப் பதக்கம் வாங்கியவர். அவர் எண் 241028, நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் ரெஜிமென்ட். இந்த ஆறு இலக்கத்துக்கே ஒரு பொருள் உண்டு. 1917 தொடக்கத்தில் பகுதிநேரப் படையான டெரிடோரியல் ஆட்களுக்குப் புது எண் கொடுத்தபோது, ஒரு ரெஜிமென்ட்டின் முதல் டெரிடோரியல் பட்டாலியனுக்கு 200001இலிருந்தும் இரண்டாவதற்கு 240001இலிருந்தும் தொடங்கினார்கள். 241028 என்றால் இரண்டாவது டெரிடோரியல் பட்டாலியன், இந்த ரெஜிமென்ட்டின் மொத்த வரிசையில் அது ஆறாவது பட்டாலியன். பதக்கத்தில் பட்டாலியன் போடாவிட்டாலும் எண்ணே சொல்லிவிடும். அதற்கு முன் அதே ஆளுக்கு வேறொரு சின்ன எண் இருந்திருக்கும் என்பதால் இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

மிலிட்டரி கிராஸில் இந்த வசதி கிடையாது. முதல் போர்க் காலத்தில் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். பெட்டியோ கடிதமோ கூட இல்லாமல் தனியாக ஒன்று கிடைத்தால் யாருடையது என்று சொல்லவே முடியாது. பின்னால் பெயர் செதுக்கியிருந்தாலும் அது குடும்பம் கடையில் கொடுத்துச் செய்ததாக இருக்கலாம், விற்பவர் போன மாதம் செய்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து லண்டன் கெசட். அரசிதழ்தான், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டால் ஒன்றும் வராது, இல்லை எல்லாம் வரும், ஏனென்றால் பழைய அச்சை இயந்திரம் படித்ததில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று மாறியிருக்கும். எண்ணை மட்டும் போடுங்கள், வருடத்தைக் குறுக்குங்கள். எம்.எம். என்றால் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக வெறும் பெயர்கள்தான் வரும், முதல் போரில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்த பதக்கம் அது, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று அச்சடிக்க அவர்களுக்குத் தாள் கட்டுப்படியாகவில்லை போல. டி.சி.எம்.முக்கும் விக்டோரியா கிராஸுக்கும் செயலைச் சொல்லும் சான்றுரை இருக்கும்.

நான் முதன்முதலில் தேடியபோது ஒரு முழு வாரத்தை வீணடித்தது இங்கேதான். கெசட்டில் இருக்கும் தேதி பதக்கம் அறிவித்த தேதி, சம்பவம் நடந்த தேதி அல்ல. அந்த மாதத்துப் படைக் குறிப்புகளையெல்லாம் புரட்டினால் பட்டாலியன் ஓய்வில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தது. பொதுவாக மூன்று நான்கு மாதம் பின்னால் போங்கள், போர் முடிந்த சமயத்துப் பட்டியல் என்றால் இன்னும் கொஞ்சம். கோல்ட்மனின் விக்டோரியா கிராஸ் 1919 ஜனவரி கெசட்டில் வந்தது, செயல் நடந்ததோ 1918 அக்டோபர் 3, 4 தேதிகளில்.

அப்புறம் எந்த வகைப் பட்டியல் என்று பாருங்கள். ஜனவரி 1, ராஜா பிறந்தநாளான ஜூன் தொடக்கம், இந்த நாட்களின் பட்டியலில் பெயர் இருந்தால் அநேகமாகப் பல மாத உழைப்புக்குக் கொடுத்தது, குறிப்பிட்ட ஒரு செயலைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மற்ற நாட்களில் என்றால் ஒரு சம்பவம் இருக்க வாய்ப்பு அதிகம். 'ஒரு பதக்கம் ஒரு செயல்' என்பதும் எப்போதும் பொருந்தாது. கோல்ட்மனின் முதல் எம்.எம். 1917 பிப்ரவரியில், பனிமூட்டம் திடீரென விலகியதும் எதிரி சுட ஆரம்பிக்க, வெளியில் அடிபட்டுக் கிடந்த அதிகாரியைத் தூக்கி வந்ததற்காக. அது ஒரே செயல். இரண்டாவது அதே வருடம் ஜூனில் நடந்த மூன்று காரியங்களுக்கு: குண்டு விழுந்த வெடிமருந்துக் கிடங்கிலிருந்து ஒளிக்குண்டுகளை அப்புறப்படுத்தியது, மறுநாள் கம்பெனி (பட்டாலியனின் ஒரு பிரிவு) தலைமையிடத்தில் அடிபட்டவர்களைக் கவனித்தது, ஒரு வாரம் கழித்துச் சுரங்கம் இடிந்து புதைந்தவர்களைத் தோண்டி எடுக்க ஆள் திரட்டியது. இப்படி இரண்டாம் முறை வாங்கினால் புதுப் பதக்கம் தர மாட்டார்கள், நாடாமேல் ஒரு சிறு உலோகப் பட்டை ஏறும், அதன் பெயர் 'பார்'.

தேதி கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டதா, இனி பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசை, பல டிஜிட்டல் ஆகிவிட்டன. இடம், தேதி, நேரம், நடந்தது, இணைப்பு என்று கட்டம் போட்ட தாளில் தினமும் எழுதியது. அதிகாரி அடிபட்டால் பெயர் இருக்கும், சிப்பாய்கள் அடிபட்டால் பெரும்பாலும் 'ஓ.ஆர்.' (அதர் ராங்க்ஸ், அதிகாரி அல்லாதவர்கள்) என்று போட்டு ஓர் எண்ணிக்கை மட்டும். அந்த எண்ணிக்கை சட்டென்று கூடும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆளின் நாள் அங்கேதான் இருக்கும். மாதக் கடைசி இணைப்புத் தாள்களையும் தவறாமல் புரட்டுங்கள், சில பட்டாலியன்கள் பதக்கம் வாங்கியவர் பட்டியலை அங்கே செருகியிருக்கும். சொந்த ஊர்ச் செய்தித்தாளும் உதவும், கெசட் பத்து எழுத்தில் முடித்த ஆளைப் பற்றி அது அரைப் பத்தி எழுதியிருக்கும், கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்து.

ஆள் சேர்ந்த நாள், அடிபட்ட நாள் எல்லாம் இருக்கும் சேவைக் கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கில் ஜெர்மன் குண்டு விழுந்து முதல் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363, ஓரம் கருகி, தண்ணீர்க் கறையோடு. முதல் போருக்கான பதக்கப் பரிந்துரைகளும் பெரும்பாலும் இல்லை. இரண்டாம் போர் என்றால் கவலையில்லை, டபிள்யூ.ஓ. 373 வரிசையில் பரிந்துரைத் தாளே இருக்கிறது, பெயர் போட்டுத் தேடலாம். கம்பெனி கமாண்டர் தட்டச்சு செய்த கதை நடுவில், ஓரத்தில் கேட்ட பதக்கம், சில தாள்களில் மேலிடத்துக்காரர் அதைப் பேனாவால் அடித்துவிட்டு வேறொன்றை எழுதியிருப்பார். டி.சி.எம். கேட்டு எம்.எம். ஆக இறங்கியதை அந்த ஒரு கோட்டில் பார்க்கலாம்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் மட்டும் இன்னும் ஒரு வேலை. விளிம்பை விரல் நகத்தால் சுற்றி வருடிப் பாருங்கள். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டுப் புதுப் பெயர் குத்தியிருந்தால் அந்த இடம் லேசாகப் பள்ளமாக இருக்கும், விட்டமும் குறைந்திருக்கும். எம்.எம். 36 மில்லிமீட்டர், ஒரு காலிப்பர் வைத்து நான்கு பக்கமும் அளந்தால் போதும். எழுத்து வடிவத்தை அதே காலத்து அதே ரெஜிமென்ட் பதக்கப் படத்தோடு வைத்துப் பாருங்கள். எண்ணைக் கெசட்டில் சரிபார்க்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.