கோல்ஃபில் அமெரிக்க ஓரவஞ்சனை: பேசும்போது நாம் வழுக்கும் இடங்கள்

வியாசர்பாடியில் எங்கள் கேரம் கிளப்புக்கும் கோல்ஃபுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோல்ஃப் திடலைப் பார்க்க வேண்டுமென்றால் நந்தனத்துக்குப் போக வேண்டும். போனாலும் வேலிக்கு வெளியேதான் நிற்கலாம். ஆனாலும் ஏப்ரலில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடக்கும் வாரம், பவுடர் தட்டிக்கொண்டே நண்பர் ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இன்னாபா, அமெரிக்காகாரன் அவன் ஊர்லயே வெச்சு, அவனே ஆடி, அவனே கப்ப எடுத்துனு போறான்."

இதில் பாதி சரி. கோல்ஃபின் உச்சப் போட்டிகளை மேஜர் என்பார்கள். ஆண்களுக்கான நான்கு மேஜர் போட்டிகளில் மூன்று அமெரிக்காவில். மாஸ்டர்ஸ் எப்போதுமே ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில். நான்காவதான தி ஓப்பன் பிரிட்டனில். பெண்களுக்கு ஐந்து மேஜர், அதில் ஒன்று பிரான்சில். ஆசியாவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுகூட இல்லை. மிச்சப் பாதியில்தான் எல்லோரும் வழுக்குகிறோம்.

ஆட்டம் நடக்கும் ஊரையும் ஆடுபவரின் பாஸ்போர்ட்டையும் ஒன்றாகக் குழப்புவது முதல் வழுக்கல். மேஜர்களில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், 2009இல், டைகர் வுட்ஸை அமெரிக்க மண்ணிலேயே தோற்கடித்தவர் கொரியாவின் ஒய்.இ. யாங். 2021 மாஸ்டர்ஸை வென்றவர் ஜப்பானின் மட்சுயாமா. அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பையை 2025இல் நியூயார்க்கில் வைத்தே ஐரோப்பிய அணி தூக்கிக்கொண்டு போனது. அந்த அணியில் பெரும்பாலோர் வருஷத்தில் பெரும்பகுதி ஆடுவதும் அமெரிக்காவில்தான். நம் பக்கத்திலேயே பாருங்கள்: 2024 கேரம் உலகக் கோப்பை நடந்தது அமெரிக்காவில், மூன்று தங்கத்தோடு திரும்பியது வண்ணாரப்பேட்டை காசிமா.

அப்புறம், கப்பை எண்ணுவது. இதில் நானே பலமுறை விழுந்திருக்கிறேன். ஜப்பானில் ஜம்போ ஒசாகி என்று ஒருவர். உள்ளூர் டூரில், அதாவது தொழில்முறைப் போட்டித் தொடரில், மட்டும் 94 வெற்றி. 1990களில் உலகத் தரவரிசையில் பல வாரங்கள் முதல் பத்துக்குள் இருந்தார். ஒரு மேஜர் கூட ஜெயிக்கவில்லை. அமெரிக்க பிஜிஏ டூரிலும் வெற்றி கிடையாது. 'பார், இத்தனை ஜெயித்தும் மதிக்கவில்லை' என்று அவரை ரொம்ப நாள் சாட்சிக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளப் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "யார ஜெயிச்சாரு?" கேரம் ஆடுபவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் திருவிழா டோர்னமென்ட்டில் முதல் ரவுண்டிலேயே ஒரு மாவட்ட சாம்பியன் எதிரே உட்கார்ந்துவிடுவார். வேறு ஏரியாவில் ஃபைனல் வரைக்கும் வியர்வையே வராது. இரண்டு கப்பும் ஒரே உயரம்தான் இருக்கும்.

சரி, எதிரில் ஆடுபவர்களின் பலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஓரவஞ்சனை ஒழிந்துவிடுமா? படித்தவர்கள் வழுக்குவது இங்கேதான். 1986இல் தொடங்கிய உலகத் தரவரிசையில், சிறிய டூர்களுக்கும் குறைந்தபட்சப் புள்ளி என்று ஒன்று இருந்தது. 2022 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டு, களத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் பலத்தையும் அவரவர் ஸ்கோரை வைத்து அளந்து, அதன்படி புள்ளி பிரிக்க ஆரம்பித்தார்கள். கணக்கில் ஊர் பெயரே கிடையாது. ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில்தான் புள்ளி குவியும். உலகத்தில் முதல் 50க்குள் வந்தால் மாஸ்டர்ஸ் அழைப்பு வரும். அழைப்பு வந்தவர் அங்கேயே இன்னும் புள்ளி சேர்ப்பார். பெங்களூரிலோ டெல்லியிலோ ஜெயிக்கும் பையன் பெரிய ஆட்களோடு மோதினால்தான் அவன் பலம் கணக்கில் ஏறும். புள்ளி இருந்தால்தான் மோதவே முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்!

இன்னொன்றும் உண்டு. இரண்டு டூர்களை ஒப்பிட, இரண்டிலும் ஆடும் சிலர் வேண்டும். காசிமேட்டுப் பையன்கள் பெரம்பூரில் ஆடவே இல்லையென்றால் எந்த ஏரியா கெட்டி என்று எதை வைத்துச் சொல்வது? போய்வருகிறவர்கள் குறையக் குறைய அந்த ஒப்பீடு ஊகமாகிவிடும்.

'பெரிய ஆளுங்க இங்க வரலாமே, கொழுப்பு' என்பதும் அடிக்கடி கேட்பதுதான். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த போட்டிக்கு உலகின் முன்னணி ஆட்டக்காரர் மெக்கில்ராய் வந்தார். இன்னொரு பெரிய ஆள் ஃப்ளீட்வுட் வந்து ஜெயித்தே போனார். பரிசுத்தொகை மொத்தம் 40 லட்சம் டாலர். அமெரிக்க டூரின் சிறப்புப் போட்டி ஒவ்வொன்றிலும் 2 கோடி டாலர். போதாக்குறைக்கு, அமெரிக்க டூரின் உறுப்பினர் அதே வாரத்தில் வெளியே ஆட வேண்டுமென்றால் டூரிடம் அனுமதி வாங்க வேண்டும். கொழுப்பு என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க டூருக்குப் போட்டியாகத் தொடங்கிய லிவ் டூரின் சண்டையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். 2023 அக்டோபரில் அதற்குத் தரவரிசைப் புள்ளி மறுக்கப்பட்டது, யார் உள்ளே வரலாம், யார் வெளியேற வேண்டும் என்ற வழி அதில் போதுமான அளவு திறந்திருக்கவில்லை என்பதற்காக. அது வேறு வழக்கு.

நம் ஆட்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் சூடாகிவிடுகிறோம். அர்ஜுன் அத்வால் 2010இல் அமெரிக்க டூரில் ஜெயித்தார். அனிர்பன் லாஹிரி 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்தார். 'வாய்ப்பு கொடுத்தால் இன்னும் பத்துப் பேர்' என்கிறோம். இருக்கலாம். ஆனால் வாய்ப்பை மறுப்பது அகஸ்டா மட்டுமா? 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும், 2009இல் வென்ற முனியப்பாவும் ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடியாக இருந்து வந்தவர்கள். திடலுக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்தக் கதவாவது திறந்தது. கொடுங்கையூர்ப் பையனுக்குப் பை தூக்கக்கூட பக்கத்தில் திடல் இல்லை.

இதையெல்லாம் போன வாரம் நண்பரிடம் ஒப்பித்தேன். 2026 முதல் ஸ்காட்லாந்து, ஸ்பெயின், ஜப்பான், ஹாங்காங், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாட்டு ஓப்பன்களில் ஜெயிப்பவர்களுக்கு மாஸ்டர்ஸ் அழைப்பு உண்டு என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம ஓப்பன்?"

"அந்த ஆறுல இல்லண்ணே."

"அப்போ நான் சொன்னதுல தப்பு இன்னா?" என்று ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டார்.